சாமி, இன்னும் எவ்ளோ தூரம்?

வெள்ளியங்கிரி ஏறி வந்தவர்கள் போடும் போட்டோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் மேகம், கையில் மூங்கில் தடி, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் அப்படியொரு சாந்தம். அந்தச் சாந்தத்தை நம்பிவிடாதீர்கள். போட்டோ எடுப்பதற்கு அஞ்சு நிமிஷம் முன்புவரை அந்த ஆசாமிகள் கடைசிப் பிடி புளிசாதத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற கோஷ்டிகள் எப்படியோ, எங்கள் கோஷ்டியைப் பற்றிக் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்யவும் நான் தயார்.

வாங்க, போட்டோவுக்குப் பின்பக்கம் கூட்டிப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக வரவேண்டும் என்றெல்லாம் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரே சத்தம்தான்.

முதலில் ஆட்கள். நிஜப்பெயர் வேண்டாம், எல்லார் வீட்டிலும் பத்திரிகை படிக்கிறார்கள். கோவை கணபதியில் பட்டறை வைத்திருப்பவன் லேத்து. மருந்துக்கடைக்காரன் மெடிக்கல். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன் வாத்தி. கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன் பெங்களூர். லேத்தின் தாய்மாமா எங்கள் எல்லாருக்கும் மாமா. அறுபதைத் தாண்டியவர், மலையில் எங்களையும் தாண்டிவிடுவார். மிச்சம் நான். பணம் வாங்கி வைத்துக் கணக்கு எழுதுவது என் வேலை. இந்தப் பதவிக்கு எவனும் போட்டி போட்டதே இல்லை.

மலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கோவையிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். கோயிலுக்குப் பின்னால் படி ஆரம்பிக்கிறது, ஏழு மலை தாண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் முடிகிறது. தூரம் என்று பார்த்தால் போக ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். “அவ்வளவுதானா? நான் தினமும் காலையில் வாக்கிங்கே அவ்வளவு போறேனே” என்று சொல்கிறவர்களை நாங்கள் ஆசையோடு கூட்டிப்போவோம். முதல் மலை பாதியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் வாட்ஸ்அப் குரூப்புக்கு உயிர் வந்துவிடும். வருஷம் முழுக்க ‘காலை வணக்கம்’ பூ படம் மட்டும் விழுந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று போர்க்களம். தேதி குறிக்க வேண்டும். வனத்துறை பிப்ரவரியில் வழியைத் திறந்தால் மே வரைக்கும் ஏறலாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் அங்கே மனுஷனுக்கு வேலை இல்லை. இந்த நாலு மாசத்தில் சிவராத்திரி வேண்டாம், கூட்டம். சித்ரா பௌர்ணமி வேண்டவே வேண்டாம், அன்றைக்கு ஏறினால் நம் காலை நாம் வைப்பதில்லை, பின்னால் வருகிறவர்கள் வைக்க வைக்கிறார்கள். சனி, ஞாயிறும் அதே கதை. ஆனால் நிலா வேண்டும். மார்ச்சில் வாத்திக்குப் பொதுத்தேர்வு, மாசக் கடைசியில் மெடிக்கலுக்கு ஸ்டாக் எடுக்கிற வேலை, பெங்களூருக்கு எப்போது பார்த்தாலும் ஏதோ ‘ரிலீஸ்’. வாத்தி மாதக் காலண்டரைக் கிழித்துப் போட்டோ எடுத்து அனுப்புவான், வளர்பிறையில் சிவப்பு மையில் வட்டம் போட்டு. அதில் ஆளாளுக்கு ஒரு நாளை அடித்து, கடைசியில் ஒரு புதன்கிழமை ராத்திரி மிஞ்சும். கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோதுகூட எங்களில் யாரும் இவ்வளவு யோசித்ததில்லை. அதற்கு எங்கள் வீடுகளில் சாட்சி இருக்கிறது.

அடுத்த கட்டம், மெடிக்கலின் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. ஒரு ஸ்டூல், ஒரு பி.பி. மெஷின். 140-க்கு 90-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்த்துவிட்டு வா, அதுவரை வண்டியில் இடமில்லை என்பது அவன் போட்ட சட்டம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யோகி மாதிரி கண்ணை மூடுவார்கள். “நடிக்காத, கையை லூஸா வை” என்று அதட்டு விழும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனோடு யாரும் பேரம் பேசுவதில்லை. ஒவ்வொரு சீசனிலும் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ மூச்சு முட்டியோ யாராவது இறந்துபோன செய்தி வரத்தான் செய்கிறது. இதய நோயும் ஆஸ்துமாவும் இருப்பவர்கள் ஏறவேண்டாம் என்று வனத்துறை படித்துப் படித்துச் சொல்கிறது. சாமி பார்த்துக்கொள்வார் என்று ஏறுகிறவர்களைக் கண்டால் மெடிக்கலுக்குக் கோபம் வரும். “சாமி பாத்துக்குவாருடா, சுமந்துட்டு எறங்கறது யாரு?” என்பான்.

இப்போது லேத்தின் பட்டறைக்கு வருவோம். இதுதான் எங்கள் பயணத்தின் ஆராய்ச்சிக் கூடம்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். எல்லாரும் வாங்குவார்கள், ஊன்றுவார்கள், ஏறுவார்கள். லேத்துக்கு அது போதாது. தடி நுனி பாறையில் வழுக்குகிறது என்று ஒரு வருஷம் அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நின்றிருந்தால் அவன் கோயமுத்தூர்க்காரனே இல்லை. முதலில் ஜி.ஐ. பைப்பை வெட்டிப் பூண் மாட்டினான். ராத்திரி முழுக்க ‘டங்... டங்...’ என்று ஆறு தடியும் மலையையே எழுப்பின. வழுக்கல் குறைந்தபாடில்லை. அடுத்த முறை நைலான் ராடைக் கடைந்து ஒரு குப்பி. காய்ந்த பாறையில் பிரமாதம், ஈரத்தைக் கண்டதும் பனிச்சறுக்கு. அப்புறம் பம்ப்செட் கப்ளிங்கில் போடும் ரப்பர் புஷ். பிடிப்பு என்றால் அப்படியொரு பிடிப்பு. பிடித்த இடத்திலேயே புஷ் நின்றுகொள்ளும், தடி மட்டும் கையோடு வரும்.

இந்த வருஷத்து மாடல்: அதே ரப்பர் புஷ், மேலே அலுமினிய வளையம், பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ போட்டு டைட். ஆறு பேருக்கும் ஆறு செட், ஒரு எல்-கீ வேறு. சிக்கல் என்னவென்றால் மூங்கில் எதுவும் ஒரே அளவில் வளர்வதில்லை, வட்டமாகவும் இருப்பதில்லை. ஆகவே லேத்து சட்டைப்பையில் வெர்னியர் காலிப்பரோடு தடிக்கடைக்கு வந்தான். ஒவ்வொரு தடியாக எடுத்து, நுனியை அளந்து, உதட்டைப் பிதுக்கி, திருப்பி வைத்தான். கடைக்காரம்மா ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “ஏனுங் சாமி, தடி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

லேத்து அசரவில்லை. “இருபத்தெட்டு எம்.எம். வேணுமுங்க” என்றான்.

சாப்பாட்டு இலாகா மாமாவுடையது. அவருடைய கொள்கை எளிது. கெடாதது, வழியாதது, வாடை கிளப்பாதது. வாழை இலையில் கட்டிய புளிசாதம், எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, கடலைமிட்டாய், வெல்லம், உப்பு, எலுமிச்சம்பழம். இவையெல்லாம் எங்கள் வீட்டு அடுப்படிகளில் தயாராவது பின்மாலையில். அங்கே ஒரு முணுமுணுப்பும் சேர்ந்தே தயாராகும். சிறுமிகளும் வயதான பெண்களும் மட்டுமே மலையேறுவது அங்கே காலங்காலமாக இருக்கும் வழக்கம். “கட்டிக் குடுக்க நாங்க, கட்டிக்கிட்டுப் போக நீங்களா?” என்று வாத்தியின் மனைவி கேட்டதற்கு வாத்தியிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஏறக்கூடியவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவர்.

பெங்களூர் மட்டும் மாமாவின் கொள்கைக்குக் கட்டுப்படாதவன். புரோட்டீன் பார், எனர்ஜி ஜெல், ஏதோ உப்புப் பொடி என்று பளபள உறைகளாகக் கொண்டுவருவான். அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை இருப்பது அவனுக்கு ஒவ்வொரு வருஷமும் மறந்துவிடுகிறது. அங்கே பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் உறை எதுவும் மேலே போகக் கூடாது. பிஸ்கட்டோ சிப்ஸோ, பிரித்துக் காகிதத்தில் கொட்டிக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிக்கொள்வார்கள், பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் திரும்பும். அன்றைக்கு, ஒன்று இருநூறு ரூபாய் பெறும் அந்த புரோட்டீன் பார்கள், தங்க உறையெல்லாம் உரிக்கப்பட்டு, பழைய செய்தித்தாளில் பொட்டலமாகிப் பெங்களூரின் கைக்கு வந்தன. மாமா எட்டிப் பார்த்தார். “இது நம்மூரு பொரிவிளங்கா உருண்டைதானப்பா?” என்றார். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “பொரிவிளங்கா இதைவிடத் தேவலை” என்று தீர்ப்பும் சொன்னார்.

இந்தச் சோதனையைச் சிலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நொய்யல் இந்த மலைகளில்தான் பிறக்கிறது. கீழே இறங்கியதும் கோவையும் திருப்பூருமாகச் சேர்ந்து அதைப் படுத்துகிற பாட்டைப் பார்க்கும்போது, பிறக்கிற இடத்திலாவது விட்டுவைக்கலாமே என்றிருக்கிறது. சரி, மேலே போவோம்.

ராத்திரி ஏறுவதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, வெயிலும்தான். ஏப்ரல் மாசப் பகலில் அந்தப் படிகளில் ஏறுவது வறுபடுவது. ஏறும் வரிசையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. யார் ரொம்ப மெதுவோ அவர்தான் முன்னால். வேகமாக நடக்கிறவன் முன்னால் போனால் என்ன ஆகும்? அவன் முன்னே போய் உட்கார்ந்து நன்றாக இளைப்பாறுவான். மெதுவாக வருகிறவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “ஓ வந்துட்டியா, போலாமா?” என்று எழுந்துவிடுவான். ஓய்வு வேண்டியவனுக்கு ஓய்வே கிடைக்காது, வேண்டாதவனுக்கு மலை முழுக்க ஓய்வு. வாத்தி இதைக் கரும்பலகை இல்லாமலேயே சமன்பாடு போட்டு நிரூபித்தான். அதிலிருந்து மெடிக்கல்தான் எங்கள் தளபதி. ஊருக்கெல்லாம் பி.பி. பார்க்கிற ஆசாமி, பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று இடுப்பில் கை வைப்பான். பின்னால் ஐந்து பேரும் நிற்போம். தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை.

முதல் மலை பொல்லாதது. எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாகப் படிகள், உடம்பு இன்னும் சூடாகியிருக்காது, வயிற்றில் டிபன் இருக்கும். வெள்ளை விநாயகர் கோயில் வந்தால் முதல் மலை தீர்ந்தது. அங்கே ஒரு கடை. அந்த வெளிச்சம் தூரத்தில் தெரிகிறபோதே சுக்குக் காபி வாசம் மூக்குக்கு வந்துவிடும். கிட்டப் போனால் கடையே கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

மலையில் எல்லாரும் சாமி. கல்லூரிப் பையன் சாமி, போலீஸ்காரர் சாமி, கடன் கொடுத்தவரும் சாமிதான். ஏறுகிற சாமிகள் இறங்குகிற சாமிகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “சாமி, இன்னும் எவ்ளோ தூரமுங்க?” இறங்குகிற சாமிகள் சொல்லும் பதில்கள் அத்தனையும் பொய். இந்தப் பொய்களை மாமா வகை பிரித்து வைத்திருக்கிறார். ‘இதா வந்துருச்சுங் சாமி’ என்றால் இரண்டு மலை பாக்கி. ‘பத்தே நிமிஷம்’ என்றால் ஒரு மணி நேரம். ‘இதுக்கு மேல சமதளந்தானுங்க’ என்றால் அந்த ஆள் இறங்குகிற சந்தோஷத்தில் எதையும் பார்க்கவில்லை. மோசமான பதில் ஒன்று உண்டு. எதுவுமே சொல்லாமல் நம்மை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஓம் நமசிவாய” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அப்போது மட்டும் மெடிக்கல் உட்கார்ந்துவிடுவான்.

அப்புறம் அந்தச் சுமைக்காரர்கள். மேலே இருக்கிற கடைகளுக்குப் போகும் சர்க்கரை, வெள்ளரிக்காய், சோடா எல்லாம் ஆள் தலையில்தான் ஏறவேண்டும். அரை லிட்டர் தண்ணீரைத் தூக்க முடியாமல் நாங்கள் தோள் மாற்றிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து “வழி சாமி, வழி” என்று குரல் வரும். மெடிக்கலைத் தாண்ட அனுமதி உள்ளவர்கள் இவர்கள் மட்டும்தான். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிவது கால்கள். வெறுங்கால், விரல்கள் அகலமாக விரிந்து பாறையைக் கவ்விப் பிடிக்கும், குதிகாலே தரையில் படாத நடை. மூட்டை அசையவே அசையாது. அவர்கள் போன வேகத்தைப் பார்த்து லேத்து தன் புஷ்ஷை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டான். மேலே போகப் போக மோர் விலை கூடுகிறதே என்று முனகுகிறவர்கள் இந்தக் கால்களை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

பெங்களூரின் ஹெட்லைட் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நெற்றியில் கட்டியிருப்பான், லாரிக்குப் போடலாம், அவ்வளவு வெளிச்சம். அவனுக்குப் பேச்சு ஜாஸ்தி, பேசும்போது ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற நல்ல பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருத்தருக்குக் கண் போகும். “டேய், கீழ பாத்துப் பேசுறா!” என்று ராத்திரி முழுக்க அவனுக்கு அர்ச்சனை.

வழுக்குப் பாறை வந்தது. லேத்துக்கு இதுதான் பரீட்சை மையம். பெயருக்கேற்ற பாறை, படி வெட்டியிருந்தாலும் காலம்காலமாக மிதித்து மிதித்து மினுமினுவென்று கிடக்கும். எங்களை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் முன்னால் போய், தடியை ஊன்றி, முழு பாரத்தையும் அதன் மேல் சாய்த்தான். பிடித்தது! இன்னொரு அடி. பிடித்தது! மாமா கைதட்டினார். பின்னால் வந்த, யாரென்றே தெரியாத ஈரோட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து கைதட்டினார்கள். அதிலொருவன், “எங்கண்ணா வாங்குனீங்க?” என்று கேட்டான். லேத்து அங்கேயே, பாறைமேலேயே, கிரப் ஸ்க்ரூவின் சைஸ் உட்பட விளக்க ஆரம்பித்துவிட்டான். பின்னால் சாமிகள் வரிசை கட்டி நின்றார்கள்.

கைதட்டிச் சுனையில் கைதட்டினால்தான் தண்ணீர் வரும் என்பது ஐதீகம். வாத்தி தட்டுவான், தண்ணீர் வரும். தட்டாமல் இருந்தாலும் வருமா என்று பெங்களூர் ஒவ்வொரு வருஷமும் சோதித்துப் பார்க்க விரும்புவான், மாமா விடமாட்டார். தாகத்தோடு நிற்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்பது அவர் கட்சி. பாம்பாட்டிச் சித்தர் பேரில் ஒரு சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை என்று சொல்லும் பெரிய உருண்டைப் பாறை, இப்படிக் கதை சொல்லிக்கொண்டே மலைகள் நகரும். காடு விலகிப் புல்வெளி வந்ததும் காற்று ஆரம்பிக்கும். கீழே வியர்வையில் ஊறிய பனியன் இங்கே ஐஸ் துணி. குளிரே அடிக்காது என்று பந்தயம் கட்டி ஸ்வெட்டர் கொண்டுவராதவன் ஒருத்தன் எப்போதும் இருப்பான். இந்த முறை வாத்தி. மாமாவின் துண்டு, என் மப்ளர், மெடிக்கலின் மழைக்கோட்டு, மூன்றையும் போர்த்திக்கொண்டு நிலா வெளிச்சத்தில் அவன் நின்ற கோலத்தை நான் படம் எடுத்திருக்கிறேன். பத்திரிகையில் போடவேண்டாம் என்று காலில் விழுந்து கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஆறாவது மலை இறக்கம். ஏறிக்கொண்டேயிருந்த கால்களுக்கு இறக்கம் என்றால் என்ன என்பதே மறந்திருக்கும். இறங்கியதும் ஆண்டி சுனை. குளித்துவிட்டுத்தான் ஏழாவது மலை என்பது மாமாவின் சட்டம். அந்தத் தண்ணீரில் முதல் முங்கு முங்கி எழும்போது ஆறு பேர் வாயிலிருந்தும் வருவதை மந்திரம் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. லேத்து சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

உச்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பெரும்பாறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க, அடியில் குகைக்குள் சுயம்பு லிங்கம். தென்கயிலை என்று இதைச் சொல்வது ஏன் என்று அங்கே நின்றால் விளங்கும். கிழக்கே வெளுத்துக்கொண்டு வரும், கோயமுத்தூர் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் வாய் மூடியிருக்கும். பெங்களூர் ஹெட்லைட்டை அணைத்துவிடுவான், யாரும் சொல்லாமலே. அப்புறம் மாமா புளிசாதத்தைப் பிரிப்பார், ஆரம்பத்தில் சொன்ன சண்டை நடக்கும், போட்டோ எடுப்போம்.

இறங்கும்போதுதான் தெரியும் விஷயமே. ராத்திரி டார்ச் வட்டத்துக்குள் எதை ஏறிவந்தோம் என்று பகலில் பார்க்கையில் அடிவயிறு கலங்கும். “இதுலயா வந்தோம்?” என்று மெடிக்கல் திரும்பத் திரும்பக் கேட்பான். ஏறும்போது கெஞ்சிய நெஞ்சு இப்போது சும்மா இருக்கும், முறை முழங்காலுக்கு. தொடை தானாக நடுங்கும். லேத்து மட்டும் தடியை ஊன்றி ராஜநடை போடுவான், எங்கள் புஷ்களில் இரண்டு எந்த மலையில் கழன்றன என்பதைப் பற்றிப் பேசமாட்டான். எதிரில் ஏறி வரும் சாமிகள், முகமெல்லாம் வேர்த்து, ஏக்கத்தோடு நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்கள். நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில் சொல்வோம்: “இதா, வந்துருச்சுங் சாமி! பத்தே நிமிஷம்!”

கீழே வந்து பாட்டிலைக் கொடுத்து இருபது ரூபாயைத் திரும்ப வாங்குகிறபோது வரும் பெருமிதத்தை என்னவென்று சொல்ல! போன சம்பள உயர்வுக்குக்கூட மெடிக்கலின் கடைப்பையன் இப்படிச் சிரித்ததில்லையாம், மெடிக்கலே சொன்னான். மறுநாள் குரூப்பில் வரிசையாகப் புகார்கள். வாத்தி வகுப்பு முழுக்க நாற்காலியிலிருந்து எழவில்லை. மாமா மட்டும் காலையில் தோட்டத்துக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தாராம். லேத்து அடுத்த மாடலுக்குப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறான், அதில் ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஈரோட்டுப் பையன்கள் நாலு செட் ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம், அட்வான்ஸோடு.

கணக்கும் முடித்துவிட்டேன். வண்டி, தடி, சுக்குக் காபி, வெள்ளரிக்காய், இறங்கியதும் எல்லாரும் பாய்ந்து தின்ற பரோட்டா எல்லாம் ஆறாகப் பிரித்தாயிற்று, ஐந்து பங்கு வந்தாயிற்று. மூன்றாவது மலையில் ஒருவர் மட்டும் தனியாக நாலு டம்ளர் மோர் குடித்தது பொதுக்கணக்கில் வராது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். பெங்களூரு, இதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். என் ஜிபே நம்பர் மாறவில்லை.